சாப்பிட்ட வீடு

வீட்டை அலாக்காகத் தூக்கிக் கீழே தார் ரோட்டோரம் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று ஜும்ரியா சொன்னபோது தாஹாங் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்:

"யாரு தூக்குறது? நீயும் நானுமா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. மலையூரான லப்பாசெங்கில் வீடு தூக்குவது ஒன்றும் புதிதல்ல. மகனுக்குக் கல்யாணம் ஆனால் வீட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை வந்தால் நன்றாகவே தள்ளி வைப்பார்கள். எல்லாம் கால்மரங்கள் மேல் நிற்கிற மர வீடுகள். அந்தக் கால்மரங்களில் மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஜும்மா தொழுகை முடிந்து வரும் ஆண்கள் எல்லோரும் அடியில் புகுந்து தோள் கொடுத்தால் வீடு கூரையோடு நடந்து போகும். ஆனால் அதற்குத் தோள் வேண்டுமே. ஊரின் பாதித் தோள்கள் கடல் தாண்டி சபா தோட்டங்களில் எண்ணெய்ப்பனைக் குலை சுமந்துகொண்டிருந்தன. மிச்சம் இருந்தவற்றிலும் சில தோள்கள் வரும் சனிக்கிழமை காலை லாரி ஏறுவதாகப் பேர் கொடுத்திருந்தன. அதில் ஒரு ஜோடி தாஹாங்குடையது.

அவன் ஏற்கெனவே ஒருமுறை போய் வந்தவன். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது போனான். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் திரும்பினான். வந்து இறங்கிய அன்று அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காரு, காப்பி கேக்குறாரு" என்றது. ஊர் விடுமா? ஒரு வருஷம் அவனைக் 'காப்பி மாமா' என்றே கூப்பிட்டார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் காப்பியை அவன் குடிக்கவே இல்லை என்பது ஜும்ரியாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பிள்ளை இப்போது வத்தம்போனே டவுனில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். கிராம்பு இரண்டு வருஷமாகக் கைவிட்டுவிட்டது. மலைச்சரிவில் நெல் ஒரு போகத்துக்கு மேல் விளையாது. "சபாவுக்குப் போகாம வேற என்ன பண்ணச் சொல்றே?" என்று தாஹாங் கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆள் கிடையாது.

ஜும்ரியாவிடம் பதில் இருந்தது. போன மழைக்கு முன்னால் மலையடிவாரத்தில் புது ரோடு வந்துவிட்டது. கொக்கோ ஏற்றிய லாரிகள் நாள் முழுக்க அதில் போகின்றன. அடுத்த கணவாய் வரைக்கும் ஒரு வாய்க் காப்பி குடிக்க இடம் இல்லை. ரோட்டோரத்தில் அவள் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்புத் துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. வீடு அங்கே போய்விட்டால் முன் அறையே கடை. சமையலைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. ஜும்ரியா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்த காக்காகூட ஏப்பம் விட்டுவிட்டுத்தான் பறக்கும் என்று ஊரில் சொல்வார்கள். வெறும் வாயோடு ஒரு ஆளைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. அது அவள் பெருமை. அதுவே அவளுக்கு வினையாகவும் வந்தது.

இதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்க, தாஹாங் காம்பைத் தட்டிப் பார்த்து, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து, கைகழுவி வந்து உட்கார்ந்தான். அவன் சொன்ன சொல் மாறாதவன். ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடும்.

"லாரி வர்றதுக்குள்ள வீடு ரோட்டுக்குப் போய்ச் சேந்துட்டா, நான் இங்கேயே இருந்துக்கிறேன்" என்றான்.

அவளுக்கு அது போதும். அன்றைக்கே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெட்டி கட்டி வைத்திருந்த பையன்களைக்கூட விடவில்லை. போகிறதுக்கு முதல் நாள் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போங்கள் என்று கேட்டாள். அவள் கூடவே போன நாத்தனார் மர்வா, தாஹாங்கின் தங்கை, சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள். "எங்கண்ணன் போகாம இருக்கணும்னு, அவன் கூடப் போறவனுங்களையே தூக்கக் கூப்பிடுறியே அண்ணி. உனக்கு ரொம்பத்தான் தைரியம்."

வெள்ளிக்கிழமை காலை ஜும்ரியா பரணில் ஏறினாள். வீட்டின் நட்டநடுவில் நிற்கிற மரம் தொப்புள் தூண். தரையில் ஊன்றி, வீட்டைத் துளைத்துக்கொண்டு, பரணில் நெல்கூடைக்குப் பக்கத்தில் போய் முடிகிறது. வீடு கிளம்பும் முன் வீட்டுக்காரி அதன் உச்சியில் ஒரு தேங்காய், ஒரு பனைவெல்லக் கட்டி, ஒரு சீப்பு வாழை கட்ட வேண்டும். கட்டியதைப் புது இடத்தில் முதல் அறுவடைச் சோறு தின்னும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் வீட்டை விட்டு ஆள் போய்விடும் என்பார்கள். அவள் ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இறுக்கினாள்.

இறங்கி வரும்போது வாசல் பக்கத்தில் தாஹாங்கின் நீலப் பை இருந்தது. சபாவுக்குக் கட்டிய பை. காலால் ஒரு உதை விடலாமா என்று தோன்றியது. விடவில்லை.

தொழுகை முடிந்து ஆண்கள் வந்தார்கள். இழுத்துப் பிடித்தால் எண்ணிக்கை போதுமாக இருந்தது. ஒரு ஆள் தும்மினால் வீடு சாயும் என்கிற அளவுக்குப் போதும். வீட்டுச் சடங்கு பார்க்கும் சென்னாங் மாமா தொப்புள் தூணைத் தொட்டு ஓதினார். பிறகு ஒரு கத்து கத்தினார். வீடு முனகிக்கொண்டு எழுந்தது. உள்ளே மறந்துபோய் விட்டுவிட்ட கோழி ஒன்று ஜன்னலில் வந்து நின்றுகொண்டு, யாரோ பெரிய அதிகாரி பவனி போகிற மாதிரி ஊரைப் பார்த்தபடியே வந்தது.

முதல் சரிவு நன்றாகத்தான் போனது. இரண்டாவது சரிவில் கால்கள் தடுமாறின. ஹாஜி ரெஸ்ஸாவின் சோளக்கொல்லை ஓரளவுக்குச் சமமான இடம் என்பதால் அங்கே கொஞ்சம் இறக்கி வைத்தார்கள். சென்னாங் மாமா, கால்மரங்களுக்குக் கல் சரியாகப் பதித்திருக்கிறார்களா என்று பார்க்க முன்னாலேயே ரோட்டுக்குப் போயிருந்தார். ஆண்கள் வீட்டு நிழலில் விழுந்து கிடந்தார்கள். ஒருவன் நாக்கு வெளியே தெரிந்தது. இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜும்ரியாவும் மர்வாவும் பின்னால் பானைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். காரமான வாத்துக்கறி, தேங்காய்ப்பாலில் வேகவைத்து இலையில் சுற்றிய புராசா சோறு, வாழைப்பழத்தை மசித்து அவித்த பரோங்கோ. விருந்து போய்ச் சேருகிற இடத்தில்தான் திறக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். மர்வாவுக்கும் தெரியும். கிடந்த அத்தனை ஆண்களுக்கும் தெரியும். ஆனால் அந்த நாக்கைப் பார்த்ததும் ஜும்ரியாவின் கை அவளைக் கேட்காமலே பானை மூடியைத் தூக்கிவிட்டது. வாசனை வந்த பிறகு வழக்கத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

சென்னாங் மாமா திரும்பி வந்தபோது இலைகள் வழித்து நக்கப்பட்டிருந்தன. மனிதர் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுக்கடியில சோறு விழுந்துருச்சு. இனிமே வீடு இந்த இடத்துக்கு விருந்தாளி. ராத்தங்காம எந்திரிக்காது."

"விருந்தாளியா? கொல்லை என்னோடது. என்னை யாரு கேட்டா?" என்றார் ஹாஜி ரெஸ்ஸா. குரலில் கோபம் இருந்தது. ஆனால் கையில் பாதி கடித்த வாத்துக்கால் இருந்ததால் அவரால் அதற்குமேல் பேச முடியவில்லை.

வழக்கத்தை மீறித் தூக்க ஒருவனும் தயாராக இல்லை. விடிந்ததும் தூக்கலாம் என்றால், விடிகிற நேரத்துக்கு லாரி வந்துவிடும். போகிறவர்கள் போன பிறகு இருக்கிற தோள்களை வைத்துக்கொண்டு கோழிக்கூண்டைத்தான் தூக்கலாம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். தன் விரலே தன் கண்ணைக் குத்திவிட்டதே என்று ஜும்ரியா பானை மூடியைக் கையில் வைத்தபடி நின்றாள். தாஹாங் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொழுது சாய்கிற நேரத்தில் இருவரும் அந்தக் கோணல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பாயை விரித்தால் அது தானாகச் சமையலறைக்குப் போனது. ஒரு பூசணிக்காய் உருண்டு வந்து தாஹாங்கின் முட்டியில் மோதியது. அவன் அதை எடுத்து மேலே வைத்தான். திரும்பவும் வந்தது. மூன்றாம் முறை அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் பாதியிலேயே அழுகையாகிவிடும் போலிருந்ததால் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். வெளியே போய்க் கால்மரங்களைப் பார்த்துவிட்டு வந்த தாஹாங், பரணில் எலிச் சத்தம் கேட்கிறது என்று ஏறினான். இறங்கி வந்து எலி இல்லை என்றான். அவ்வளவுதான் பேச்சு.

விடியற்காலையில் அவளை எழுப்பியது ஹாஜி ரெஸ்ஸாவின் கூச்சல். மக்காவுக்குப் போய் வந்த பிறகு அவர் யாரையும் ஏசுவதில்லை என்று நேர்ந்திருந்தார். அதனால் ஆட்டைத்தான் ஏசிக்கொண்டிருந்தார். எவனோ ராத்திரி ஆட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான், ஆடு முளைத்த சோளத்தையெல்லாம் மேய்ந்துவிட்டது, போயும் போயும் ஒரு பச்சைக் கயிற்றையா திருடுவான் என்று புலம்பினார்.

ஜும்ரியா அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் தாஹாங் இல்லை. வாசலில் நீலப் பையும் இல்லை.

போய்விட்டான். சொல்லாமலே போய்விட்டான். சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று விடியும் முன்பே ரோட்டுக்கு இறங்கிவிட்டான். அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். இன்னும் எத்தனை வருஷம்? திரும்பி வரும்போது மகளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.  துக்கம் வந்தால் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அடுப்பை மூட்டினாள்.

நேற்று மிஞ்சிய வாத்துக்கறியைச் சூடாக்கிக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் கை நின்றது. விடிந்ததும் வந்துவிட்டிருந்த மர்வா எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டாள்.

"வீடு தூக்குற காரியத்துல வீட்டுக்காரி கையால தின்னவன் தோள் குடுக்காமப் போகக் கூடாதுல்ல?"

"கூடாது."

"அது நம்ம ஊரு வழக்கம் மட்டுமா?"

"மலை முழுக்க அப்படித்தான். ஏன்?" என்ற மர்வா, வாயில் போட்ட புராசாவை மெல்லக்கூட மறந்து நின்றாள். பிறகு தன் வீட்டுக்கு ஓடி, தன்னிடமிருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். அண்டை வீட்டுப் பெண்களும் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பானையோடு வந்தார்கள்.

ரோட்டோரத்தில், வீட்டுக்காகப் பதித்த வெறும் கற்களுக்கு நடுவில் பாயை விரித்துப் பானைகளை வைத்தார்கள். ஊரிலிருந்து கிளம்புகிற பையன்கள் பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். தாஹாங்கும் நின்றிருந்தான். கையில் பை இல்லை. எங்கேயாவது மறைத்து வைத்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பவே இல்லை.

லாரி வந்தது. மேல்மலை ஊர்களிலிருந்து இருட்டோடு கிளம்பிய ஆட்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஆள் கூட்டிப் போகும் பஹரு முன்னாலிருந்து தொப்பையோடு இறங்கி, ஏறுங்கள், ஏறுங்கள், கப்பல் நிற்காது என்றான். ஜும்ரியா பெரிய பானையின் மூடியைத் திறந்தாள்.

லாரிக்குள் எல்லா மூக்கும் திரும்பின. ஒருவன் குதித்தான். அவன் பின்னால் இன்னொருவன். பிறகு லாரியே காலியாகிவிட்டது. இலை வைத்துப் பரிமாற பெண்களுக்குக் கை போதவில்லை. எவ்வளவு என்று ஒருவன் கேட்டதற்கு மர்வா, முதல் நாள், விலை கிடையாது என்றாள். பஹரு கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தான்; பிறகு பரோங்கோவைப் பார்த்தான்; பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தாஹாங் மெதுவாக வந்து நின்றான். "எனக்கு?"

"வீட்டுக்காரனுக்குச் சோறு வீட்டுலதான். ரோட்டுல கிடையாது." அவள் நிமிராமலே சொன்னாள்.  அவன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். உதட்டில் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி மர்வாவுக்குப் பட்டது.

எல்லோரும் கை கழுவிய பிறகுதான் சென்னாங் மாமா தென்னை மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். எந்த வீட்டுச் சோறு தின்றீர்கள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். எந்த வீடு என்று அவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். வெறும் கற்கள்தான் இருந்தன. அவர் கையை நீட்டினார். மேலே, சோளக்கொல்லையில், ஒரு வீடு தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. ஜன்னலில் கோழி.

"வீடு இல்லாத இடத்துல சோறு போட்டா வீட்டைக் கூப்பிடுறதுன்னு அர்த்தம்" என்றார். "தின்னவங்க போய்க் கூட்டிட்டு வாங்கப்பா."

அந்த மலையில் பிறந்தவன் எவனும் தின்ற சோற்றுக்கு ஓடி ஒளிய மாட்டான். மேல்மலைக்காரன் ஒருவன் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிழட்டு ஆள், இத்தனை வயசுக்கு இப்படி ஒருத்தி நம்மைப் பிடித்துப்போட்டதில்லை என்று சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார். பஹரு தன் முதுகுவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்க, மர்வா அவன் இலையைக் காட்டி, "அஞ்சு பரோங்கோ அண்ணே. அஞ்சு" என்றாள். அவனும் சோளக்கொல்லைக்கு ஏறினான்.

நேற்று முனகிய வீடு இன்று பாடிக்கொண்டே வந்தது. மேல்மலைக்காரர்கள் ஒரு வரி பாட லப்பாசெங்காரர்கள் அடுத்த வரி பாடினார்கள். தாஹாங் தொப்புள் தூணுக்குத் தோள் கொடுத்திருந்தான். ஹாஜி ரெஸ்ஸா ஒரு கையால் ஆட்டின் காதைப் பிடித்தபடி கூடவே நடந்து, வலது பக்கம், இடது பக்கம் என்று யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். கற்களின் மேல் கால்மரங்கள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. வீடு ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. நேராக நின்றது.

வீடு வந்து சேர்ந்ததும் முதலில் ஏற வேண்டியவள் வீட்டுக்காரி. பரணுக்குப் போய், கட்டியது கட்டியபடி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். ஜும்ரியா ஏறினாள். வீடு சேர்ந்துவிட்டது, ஆனால் லாரி வந்த பிறகுதானே சேர்ந்தது. கணக்குப் பார்த்தால் அவள் தோற்றவள்தான். கீழே லாரியின் இன்ஜின் உறுமியது. ஆட்கள் ஏறுகிற சத்தம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், ஸலாம் சொல்கிற சத்தம். பார்க்கக் கூடாது என்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பரண் ஏணியில் கால் வைத்தாள்.

தேங்காய் இருந்தது. வெல்லம் இருந்தது. வாழைச்சீப்பு கொஞ்சம் நசுங்கியிருந்தது. அதற்குக் கீழே, தொப்புள் தூணோடு சேர்த்து இறுக்கி, நீலப் பை.

அவள் கைவைத்துப் பார்த்தாள். முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தது. கயிறு பச்சைக் கயிறு. ஒரு முனையில் ஆட்டு மயிர் ஒட்டியிருந்தது.

வெளியே லாரி கிளம்பிப் போய்விட்டது. ஜும்ரியா நெல்கூடையின் மேல் உட்கார்ந்து நன்றாக அழுதாள். சந்தோஷமாக அழுதாள். முக்காட்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அகப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தாஹாங் ஒரு கால்மரத்துக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஹாஜி ரெஸ்ஸா ஆட்டோடு உட்கார்ந்து, கயிற்றுத் திருடனுக்கு மறுமையில் என்ன கிடைக்கும் என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தாஹாங் மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அவன் எதிரில் போய் நின்றாள். "எப்பக் கட்டினீங்க?"

அவன் ஆப்பை இன்னும் இரண்டு அடி அடித்தான். "பூசணிக்கா உருண்டு வந்துச்சுல்ல. அப்போ."

"அப்போ வீடு சேராதுன்னு ஆயிருச்சே. நீங்கதானே சொன்னீங்க, சேந்தாத்தான் இருப்பேன்னு?"

"சேந்தா இருக்கேன்னுதான் சொன்னேன். சேராட்டா போயிருவேன்னா சொன்னேன்?" என்றான். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தான். "கோணல் வீட்டுல உக்காந்து நீ பாத்திரம் கழுவுறதைப் பாத்தேன். இனிமே எந்த வீட்டுலயும் போய்க் காப்பி கேக்குற மாமாவா இருக்க என்னால முடியாது."

இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. அடிப்பதற்காகக் கொண்டுவந்த அகப்பையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இதை ராத்திரியே சொல்லியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

"நீ தூங்கியிருந்தா வீடு இன்னும் சோளக்கொல்லையிலதான் நிக்கும்."

ஹாஜி ரெஸ்ஸா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாக அவருக்கு விளங்கிவிட்டது. "அப்ப என் கயிறு?"

அறுவடை முடிகிறவரைக்கும் அவிழ்க்க முடியாது ஹாஜி, அவிழ்த்தால் வீட்டை விட்டு ஆள் போய்விடும் என்று ஜும்ரியா சொன்னாள். அவர் வாயைத் திறந்தார். ஏசுவதில்லை என்று நேர்ந்தது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். ஆடு அவர் சட்டையை மென்றுகொண்டிருந்தது.

அவள் உள்ளே போய், பானையில் அவனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சோற்றைப் போட்டு, புருஷனைக் கூப்பிட்டாள். பிறகு புதுக் கடையின் முதல் காப்பியைக் கலக்கி ஹாஜியிடம் கொடுத்தாள். கொஞ்சம் யோசித்து, ஆட்டுக்கு அந்த நசுங்கிய வாழைப்பழத்தில் ஒன்றைக் கொடுக்கலாமா என்று பரணை நிமிர்ந்து பார்த்தாள். அதையும் அவிழ்க்கக் கூடாது. அதனால் பூசணிக்காயில் ஒரு துண்டு வெட்டிப் போட்டாள்.